வாய்க்கால் நத்தைக்குப் பேர் வைத்த கதை

நத்தைன்னு சொன்னா நகரத்து நண்பர்களுக்கு ஞாபகம் வர்றது, மழைக்காலத்துல மதில் சுவர்ல ஊர்ந்து, விடியும்போது வெள்ளிக்கோடு போட்டுட்டுப் போற தோட்டத்து நத்தைதான். அது தரை நத்தை. இந்தப் பதிவு தண்ணிக்குள்ளேயே பிறந்து வளர்ந்து சாகுற குட்டி நத்தைகளைப் பத்தினது. அரிசி அளவுல இருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரைக்கும் இருக்கும். வயலுக்கு வர்ற நண்பர்கள் மண்புழுவைக் காட்டுனா போட்டோ எடுக்குறாங்க, கொக்கைக் காட்டுனா வீடியோவே எடுக்குறாங்க. இதுங்களை மட்டும் மிதிச்சுக்கிட்டே போயிடுறாங்க.

ஆனா இந்தக் குட்டி ஜீவன்களுக்குப் பேர் வைக்க 250 வருஷமா உலகம் முழுக்க ஆளுங்க மண்டையை உடைச்சிருக்காங்க. அந்தக் கதையில சோழமண்டலக் கடற்கரை உண்டு, பாரிஸ் உண்டு, ஆக்ஸ்போர்டு உண்டு, எங்க மாட்டுக் கொட்டகையும் உண்டு.

நம்ம ஆளுங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கலாம். சங்க காலத்துல நத்தைக்கு 'நந்து'ன்னு பேர். உயிர்களை அறிவின் கணக்குல அடுக்கும் தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுல வெச்சுட்டு, நந்தை ஈரறிவுல வைக்குது. தொடுறது ஒண்ணு, சுவைக்கிறது ஒண்ணு. தண்ணி நத்தையைக் கண்ணாடி டம்ளர்ல போட்டுப் பாத்தா அந்தக் கணக்கு எவ்வளவு கவனமானதுன்னு தெரியும். ரெண்டு உணர்கொம்பால தடவித் தடவி நடக்கும், வாயால பாசியைச் சுரண்டிக்கிட்டே போகும். கண்ணும் இருக்கு. தரை நத்தைக்குக் கொம்பு நுனியில இருக்குற கண், தண்ணி நத்தைக்குக் கொம்பின் அடியில ஒரு கரும்புள்ளியா இருக்கும், அவ்வளவுதான். தரை நத்தையா தண்ணி நத்தையான்னு சந்தேகம் வந்தா முதல்ல இதைப் பாருங்க.

நத்தைங்கிற ஜாதிக்குப் பேர் வெச்சாச்சு. அதுக்குள்ள எத்தனை வகைன்னு பிரிக்கிற வேலை வேறொரு ஊர்ல, வேறொரு காலத்துல ஆரம்பிச்சது.

எங்க ஊர்ல இருந்து மோட்டார் சைக்கிள்ல அரை மணி நேரம் போனா தரங்கம்பாடி. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல, 1620ல், டென்மார்க்காரங்க வந்து கோட்டை கட்டுன ஊர். 1845ல் வெள்ளைக்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் அங்கே அவங்க கொடிதான். சீகன்பால்கு அச்சகம் போட்டது பலருக்குத் தெரியும். அந்த ஊருக்கு 1768ல் கோனிக்னு ஒரு மருத்துவர் வந்தார். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸிடம் படிச்சவர். உயிர்களுக்கெல்லாம் ரெண்டு சொல்லில் லத்தீன் பேர் வைக்கிற முறையை நிலைநாட்டுனவர் அந்த லின்னேயஸ்தான். அந்தக் காலத்துல தரங்கம்பாடியில இருந்து கோபன்ஹேகனுக்குக் கப்பல்ல துணி மட்டும் போகலை. செடி, விதை, சிப்பி, சங்குன்னு எல்லாம் போச்சு.

கோபன்ஹேகன்ல ஓட்டோ பிரீட்ரிக் முல்லர்னு ஒருத்தர் இருந்தார். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் இருக்குற சின்ன உயிர்கள்தான் அவருக்கு உலகம். தரையிலயும் ஆத்துலயும் வாழுற நத்தை, புழு வகைகளைப் பத்தி 1773லயும் 1774லயும் ஒரு லத்தீன் நூல் போட்டார். அதுல ஒரு நத்தையை விவரிச்சு, கிடைச்ச இடம் கோரமண்டல் கரைன்னு எழுதினார். கோரமண்டல்னா நம்ம சோழமண்டலம். அந்த நத்தைக்கு இன்னைக்கு அறிவியல் பேர் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா. 'டியூபர்குலேட்டா'ன்னா சின்னச் சின்ன முண்டு உள்ளதுன்னு அர்த்தம். ஓட்டுல விரலை ஓட்டிப் பாத்தா முண்டு தட்டும். பொருத்தமான பேர்தான்.

உங்களில் மீன்தொட்டி வெச்சிருக்கிறவங்க வீட்டுல இது கட்டாயம் இருக்கும். நீளமா, கூரா, திருகாணி மாதிரி இருக்குமே, மணலுக்குள்ள பகல் முழுக்கப் பதுங்கிட்டு ராத்திரி கண்ணாடியில ஏறுமே, அதேதான். மலேசிய நத்தைன்னு சொல்லி விப்பாங்க. அறிவியல் ஏட்டுல அது பதிவான முகவரி நம்ம கரை!

பேர் வெச்சதோட கதை முடியலை. 1804ல் ஒலிவியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எகிப்துல கிடைச்ச அதே நத்தையைப் புதுசுன்னு நினைச்சு வேற பேர் வெச்சார். ஓட்டின் நிறம், வரி, முண்டு எல்லாம் குளத்துக்குக் குளம் மாறும். அதனால ஆளுக்கொரு பேர் சேர்ந்துக்கிட்டே போச்சு. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேர், ஆதார்ல ஒரு பேர்னு இருந்தா தாலுகா ஆபீஸ்ல எத்தனை நடை நடக்கணும்? நத்தைகளோட நிலைமையும் அப்படித்தான். இந்தச் சிக்கலைப் பிரிக்கிறதே பின்னால வந்தவங்களுக்குப் பெரிய வேலையாப் போச்சு. இதுல இன்னொரு வேடிக்கை, இந்த நத்தையில பெரும்பாலும் எல்லாம் பெண்தான். ஆண் துணை இல்லாமலே, முட்டை போடாம, குட்டியாவே பெத்துப் போடும். ஒண்ணு தப்பிச்சாப் போதும், குளம் நிறைஞ்சிடும்.

அடுத்தது எங்க வாய்க்கால் ஓரத்துல அதிகமா இருக்குற மஞ்சள் நிற நத்தை. ஓடு கண்ணாடி மாதிரி மெல்லிசு, வாய் அகலம். இதுக்கு லிம்னியா லூட்டியோலான்னு பேர் வெச்சவர் லாமார்க், வருஷம் 1822. 'லூட்டியோலா'ன்னா மஞ்சள் சாயல் உள்ளது. அந்தப் பெரிய நூலின் கடைசித் தொகுதிகள் வர்றப்ப லாமார்க்குக்குக் கண் பார்வை போயிடுச்சு. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாங்க. நிறத்தை வெச்சுப் பேர் பெற்ற நத்தை, பார்வை போன மனுஷரோட புத்தகத்துல இடம்பிடிச்சிருக்கு.

மூணாவது, வட்ட நத்தை. முறுக்கு மாதிரி தட்டையாச் சுருண்டிருக்கும், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னது. புதுச்சேரியில தாவரத் தோட்டம் அமைக்க வந்த பெலாஞ்சேங்கிற பிரெஞ்சுக்காரர் 1825ல் இருந்து 1829 வரைக்கும் சுத்தின பயணத்தைப் பத்தி ஒரு பெரிய நூல் வந்துச்சு. அவர் சேகரிச்ச நத்தைகளை விவரிச்சவர் பாரிஸ்ல இருந்த தெஷாயே. மலபார்க் கரைச் சதுப்புல கிடைச்ச இதுக்கு அவர் வெச்ச பேர் 'எக்சஸ்டஸ்', அதாவது கருகினது. அடுப்புல கருகின முறுக்கு நிறம்தான். இதை நசுக்கினா ரத்தம் மாதிரியே சிவப்பா வரும். நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் இதுக்கும் இருக்கு. எங்க ஆளுங்க 'ரத்த நத்தை'ன்னு சொன்னா அது வெறும் உவமை இல்லை.

பழைய காலத்து ஆளுங்க ஓட்டை மட்டும் பாத்துப் பேர் வெச்சாங்க. இன்னைக்கும் முதல் அடையாளம் ஓடுதான். நீங்களே பாக்கலாம். ஒரு வெள்ளைத் தட்டு, பத்து ரூபாய் லென்ஸ், ஒரு அடிக்கோல் போதும்.

ஒண்ணு, கதவு. நத்தை உள்ளே இழுத்துக்கிட்டதும் வாயை ஒரு மூடி அடைக்குதான்னு பாருங்க. நாங்க கறி வைக்கிற பெரிய நத்தை, அதாவது பைலா, அதுக்குக் கதவு உண்டு. பெல்லாமியான்னு சொல்ற பம்பர நத்தைக்கு உண்டு, திருகாணி நத்தைக்கு உண்டு. குட்டியூண்டு பிதினியாவுக்குக்கூட சுண்ணாம்பால ஆன கதவு இருக்கு. மஞ்சள் நத்தைக்கும் வட்ட நத்தைக்கும் கதவு கிடையாது. கதவில்லாத இந்தக் கூட்டம் காத்தைத்தான் மூச்சா இழுக்கும். அதான் அடிக்கடி தண்ணி மேல மிதந்து வரும்.

ரெண்டு, வலமா இடமா. நுனியை மேல வெச்சு, வாய் உங்களைப் பாக்குற மாதிரி பிடிங்க. வாய் வலப்பக்கம் இருந்தா வலம்புரி, இடப்பக்கம் இருந்தா இடம்புரி. மஞ்சள் நத்தை வலம். கிட்டத்தட்ட அதே உருவத்துல இடம்புரியா ஒண்ணு கிடைச்சா அது பைசா அக்யூட்டா. 1805ல் பிரான்ஸ்ல வெச்சுப் பேர் கொடுத்தாங்க, ஆனா அதுக்குப் பூர்வீகம் வட அமெரிக்கா. மனுஷன் போன வழியெல்லாம் போய் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

மூணு, முட்டை. செடித்தண்டுல, தாமரை இலை அடியில ஜவ்வு மாதிரி ஒட்டியிருந்தா கதவில்லாத கூட்டம். கரை மண்ணுக்குள்ள வெள்ளை முத்து மாதிரி குவிஞ்சிருந்தா பைலா. பம்பர நத்தை குட்டி போடும்.

இதெல்லாம் எதுக்கு, நத்தையில என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. ஆட்டையும் மாட்டையும் பறிகொடுத்தவங்களுக்குத்தான் அந்த வித்தியாசத்தோட விலை தெரியும்.

1879ல் இங்கிலாந்துல விடாத மழை. அடுத்த ரெண்டு வருஷத்துல அங்கே சுமார் 30 லட்சம் ஆடுகள் செத்ததாச் சொல்றாங்க. காரணம், ஈரல்ல புகுந்து தின்னும் தட்டைப்புழு. புழு ஈரல்ல இருக்கு சரி, ஆட்டுக்குள்ள எப்படிப் போச்சு? யாருக்கும் தெரியலை. ஆக்ஸ்போர்டுல தாமஸ்னு இருபத்துச் சொச்சம் வயசுப் பையனுக்கு இந்த வேலையைக் கொடுத்தாங்க. அதே சமயம் ஜெர்மனியில லாய்கார்ட்னு ஒரு பெரிய பேராசிரியரும் இதையே தேடினார். ஏதோ ஒரு நத்தைதான் இடைத்தரகுன்னு ரெண்டு பேருக்கும் சந்தேகம். எந்த நத்தைங்கிறதுதான் கேள்வி. லாய்கார்ட் முதல்ல பிடிச்சது பக்கத்து வகை. புழுக்குஞ்சு அதுக்குள்ள புகுந்துச்சு, ஆனா முழுசா வளரலை. கடைசியில 1882 வாக்குல ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே நத்தைக்கு வந்து சேர்ந்தாங்க. லிம்னியா ட்ரங்காட்டுலா, ஒரு சென்டிமீட்டர்கூட வராத சேத்து நத்தை. அதுக்குப் பேர் வெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அதே முல்லர், அதே 1774 நூல். நூறு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் உக்காந்து பிரிச்சுப் பேர் வெச்சிருந்ததாலதான், இந்த நத்தை, அந்த நத்தை இல்லைன்னு உலகத்துக்கே அடிச்சுச் சொல்ல முடிஞ்சது.

நம்ம பக்கத்து மாட்டு ஈரல் புழு அதோட அண்ணன்காரன், இன்னும் பெருசு. 1855ல் காபோல்ட் ஒரு ஒட்டகச்சிவிங்கியின் ஈரல்ல கண்டுபிடிச்சு விவரிச்சார். இதைச் சுமக்குறதும் லிம்னியா குடும்பம்தான். சாணியில முட்டை தண்ணிக்கு வரும், குஞ்சு நத்தைக்குள்ள புகும். அங்கே பெருகி வெளியே வந்து, தண்ணி ஓரத்துப் புல்லுல, வைக்கோல் தாள்ல கூடு கட்டி ஒட்டிக்கும். மாடு அதை மேயும். தாடையடியில பை மாதிரி நீர் கோத்து, பால் வத்தி, எலும்பும் தோலுமா நிக்கும்.

நம்ம நாட்டுல இந்த நத்தைகளை ஊர் ஊராத் தேட வெச்சது முதல் உலகப்போர். 1915ல் எகிப்துல லைப்பர்ங்கிற ஆங்கிலேயர், மனுஷனுக்கு ரத்தமாச் சிறுநீர் போக வைக்கிற பில்ஹார்சியா புழு நத்தை வழியாத்தான் வருதுன்னு நிரூபிச்சார். ஒரு புழுவுக்கு ஒரு நத்தை, இன்னொரு புழுவுக்கு இன்னொரு நத்தைன்னும் காட்டினார். எகிப்துலயும் மெசபடோமியாவுலயும் சண்டை போட்ட நம்ம சிப்பாய்கள் ஊர் திரும்பறப்ப சர்க்காருக்குப் பயம் வந்துடுச்சு. புழு வந்திறங்கினா அதைச் சுமக்க இங்கே நத்தை இருக்கா?

கல்கத்தாவுல 1916ல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியிருந்தது. முதல் இயக்குநர் அன்னண்டேல், நத்தைப் பித்தர். அந்த ஆய்வகத்து கெம்பும் கிரேவ்லியும் இதை ஆராய்ஞ்சு 1919ல் அறிக்கை கொடுத்தாங்க. அந்த கிரேவ்லிதான் அடுத்த வருஷம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் தலைவரா வந்து, 1940 வரைக்கும் இருந்தவர். சீவெல் நத்தைகளுக்குள்ள இருந்து வர்ற புழுக்குஞ்சுகளை எல்லாம் வரைஞ்சு விவரிச்சு 1922ல் தனி நூலே போட்டார். அன்னண்டேலும் பைனி பிரஷாத்தும் ஓட்டோட நிக்காம, உள்ளுறுப்பு, நாக்குல இருக்குற பல் வரிசை எல்லாத்தையும் பாத்தாங்க. நம்ம வட்ட நத்தை ஐரோப்பா வட்ட நத்தையோட சேராதுன்னு கண்டு, 1921ல் அதுக்குத் தனிப் பேரினம் கொடுத்தாங்க. இண்டோபிளானார்பிஸ். பேர்லயே இந்தியா.

அந்தக் கருகின முறுக்கு சாதாரணப் பயல் இல்லை. மாட்டு மூக்குக்குள்ள கட்டி வந்து, ராத்திரியெல்லாம் கொர்கொர்னு குறட்டை விடுற நோய் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் புழுவைத் தனி இனம்னு 1933ல் மெட்ராஸ்ல இருந்து அறிவிச்சவர் எம். ஏ. என். ராவ். அதைச் சுமக்குற முக்கியமான நத்தை இந்த வட்ட நத்தைதான். இதே நத்தையில வளர்ற இன்னொரு மாட்டுப் புழுவின் குஞ்சு, தண்ணியில நிக்கிற மனுஷத் தோலையும் மாட்டுத் தோல்னு நினைச்சுத் துளைச்சுடும். உள்ளே போய் வாழ முடியாம அங்கேயே சாகும். ஆனா தோல் தடிச்சு, நாள் கணக்குல அரிக்கும். நடவுக்கு இறங்குற பொம்பளைங்க முழங்காலுக்குக் கீழே சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் காட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம். உரத்தாலன்னு சிலர், சேத்தாலன்னு சிலர் சொல்லிட்டு விட்டுடுவாங்க.

மனுஷப் புழுவுக்கான பயமும் முழுசாப் பொய்யாகலை. 1952ல் மகாராஷ்டிரா ரத்னகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்துல ஊர்க்காரங்களுக்கே பில்ஹார்சியா இருக்கிறதை காட்கில், ஷா ரெண்டு பேரும் அறிவிச்சாங்க. சந்தேகம் எந்த நத்தை மேல விழுந்துச்சு தெரியுமா? பெரெஸ்ஸியா டெனூயிஸ். சுருளே இல்லாம, கவுத்து வெச்ச குட்டித் தொப்பி மாதிரி கல்லுல ஒட்டியிருக்கும். எள்ளைவிடக் கொஞ்சம் பெருசு. இப்படி ஒண்ணு நத்தைதான்னு தெரிஞ்ச கண்ணு இருந்தாத்தான் அதைத் தேடவே முடியும்.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னால எங்க தெருவுல அடுத்தடுத்து நாலு மாடு இளைச்சு, தாடை வீங்கிச்சு. டாக்டர் வந்து சாணியைப் பரிசோதிச்சு, ஈரல் புழுன்னார். விஷயம் பரவினதும், குளத்துல இருக்குற நத்தை மொத்தத்தையும் கொன்னுடணும், மூட்டை மூட்டையா மயில்துத்தம் கரைச்சு ஊத்தலாம்னு பேச்சு கிளம்பிச்சு. காசு வசூல்கூட ஆரம்பிச்சாச்சு.

மயில்துத்தம் நத்தையைக் கொல்லும், உண்மைதான். மீனையும் கொல்லும். அந்தக் குளத்து மீன்தான் வருஷத்துல ஒரு நாள் ஊருக்கே குழம்பு. பைலா நத்தை பொறுக்கி வித்துச் சாப்பிடுற குடும்பம் ரெண்டு இருக்கு. நத்தைகுத்தி நாரை வர்றதே அந்த நத்தைக்காகத்தான். நான் வீட்டுல இருந்து ரெண்டு எவர்சில்வர் தட்டு கொண்டுபோய், குளத்துலயும் மேய்ச்சல் வாய்க்கால்லயும் பாசியை அலசி, கதவு உள்ளது ஒரு தட்டு, இல்லாதது ஒரு தட்டுன்னு பிரிச்சு ஆலமரத்தடியில வெச்சேன். நடுக்குளத்து நத்தையில முக்காவாசி கதவு உள்ளது. கதவில்லாதது நிறைஞ்சு கிடந்தது மாடு மேயுற வாய்க்கால் விளிம்புல, தேங்கின தண்ணியில.

"அப்ப குளத்துல ஊத்தி என்னப்பா பிரயோஜனம்?"னு பெரியப்பா ஒருத்தர் கேட்டார். அதோட வசூல் நின்னுச்சு.

கதவு உள்ளதெல்லாம் சாதுன்னு நான் சொல்ல வரலை. மீனை அரைவேக்காடாத் தின்னும் கிழக்காசிய நாடுகள்ல திருகாணி நத்தையும் அதோட சொந்தக்காரங்களும் மனுஷனுக்கு வர்ற புழுக்களைச் சுமக்குறதுண்டு. எங்க மாட்டுப் பிரச்சினைக்கு எந்த நத்தை, எந்த இடம்ங்கிறதுதான் அன்னைக்குக் கேள்வி. விளிம்புப் புல்லை அறுத்து நல்லாக் காய வெச்சுப் போட ஆரம்பிச்சோம், வாய்க்கால் தூர்வாரித் தேக்கத்தை வடிச்சோம், டாக்டர் சொன்ன நேரத்துல எல்லா மாட்டுக்கும் ஒண்ணா மருந்து கொடுத்தோம். அறுப்பு முடிஞ்சதும் வாத்துக்காரங்களைக் கூப்பிட்டு மேய விட்டோம். சிந்தின நெல்லோட நத்தையையும் அதுங்க விட்டு வைக்காது. குளத்து மீன் குளத்துலயே இருக்கு.

திருகாணி நத்தையோட மிச்சக் கதையையும் சொல்லிடறேன். கரீபியன் கடல்ல மார்ட்டினிக், செயின்ட் லூசியான்னு தீவுகள் இருக்கு. புதுச்சேரி, காரைக்கால்ல இருந்து நம்ம சனங்களை 1853ல் தொடங்கி மார்ட்டினிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா ஏத்திட்டுப் போனாங்க. அந்தத் தீவுகள்லயும் பில்ஹார்சியா இருந்தது, அதைச் சுமக்குறது அங்கத்து வட்ட நத்தை. போன நூற்றாண்டின் கடைசியில அந்த நத்தையை விரட்ட அங்கே குளங்கள்ல விட்டது எதைத் தெரியுமா? மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா. இடத்தையும் இரையையும் பிடிச்சுக்கிட்டு அது பல்கிப் பெருக, பல இடத்துல வட்ட நத்தை ஒதுங்கிப் போச்சு.

இந்திய நன்னீர் நத்தை, சிப்பிகளுக்கு என். வி. சுப்பா ராவ் எழுதின கையேடு 1989ல் வந்துச்சு. இன்னைக்கும் கல்லூரிப் பிள்ளைங்க வகை கண்டுபிடிக்கப் புரட்டுறது அதைத்தான். இப்ப மரபணுவைப் பாத்து, ஒரே இனம்னு நினைச்ச வட்ட நத்தைக்குள்ளயே பல கிளை இருக்குன்னு சொல்றாங்க. முல்லர் ஆரம்பிச்ச வேலை இன்னும் முடியலை.

உங்க ஊர்க் குளத்துலயோ மீன்தொட்டியிலயோ பாருங்க. கதவு இருக்கா, வலமா இடமா, முட்டை எங்கே இருக்கு, மூணையும் எழுதுங்க. உங்க பாட்டி அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னும் மறக்காம எழுதுங்க. லத்தீன் பேர் புத்தகத்துல பத்திரமா இருக்கு. பாட்டி வெச்ச பேர்தான் எங்கேயும் பதிவாகாமப் போயிக்கிட்டிருக்கு.